பாட்டியோட ரெண்டு கை

ஃபிரேம் கடைக்காரர்: படத்துலேர்ந்து இந்தப் பொண்ண எடுத்துட்டா பாட்டியோட ரெண்டு கையும் சேர்ந்து போயிடும்மா. சடை பின்னிக்கிட்டு, கை ரெண்டும் அதோட தலைமுடிக்குள்ள இருக்கு...

பேத்தி: போனா போகட்டும். கூடத்துல மாட்ட முகம் இருந்தா போதும்.

பாப்பா: கை இல்லாத ஆயாம்மாவா? அவங்க கைய மடக்கிச் சும்மா உக்காந்து நான் பார்த்ததே இல்லீங்க.

பேத்தி: நீங்க எங்க பார்த்தீங்க. உங்க வீட்ல வேலை செஞ்சதப் பார்த்தீங்க. உங்களுக்கு அது ஆயா. எனக்குத்தான் பாட்டி.

பாப்பா: அப்படிப் பிரிக்காதீங்க...

பேத்தி: படத்தக் கொண்டாந்து குடுத்தீங்க, சந்தோஷம். பாட்டி போய்ச் சேர்ந்து இருபது நாளாச்சு, வீட்ல ஒரு படம் இல்ல. அதுக்காகச் சின்ன வயசு உங்களையும் சேர்த்து எங்க சுவத்துல மாட்டிக்க முடியுமா?

கடைக்காரர்: வேற படமே இல்லையாம்மா?

பேத்தி: ஒரு இடத்துல நின்னாத்தானே எடுக்க. ஒரு கல்யாணத்துல எடுத்தது இருக்கு. அதுலயும் முதுகு. குனிஞ்சு எதையோ கழுவுது.

கடைக்காரர்: ஒண்ணு பண்ணலாம். கம்ப்யூட்டர்ல வேற கை ஒட்டித் தரேன். எங்க அத்தை கை இருக்கு... கொழுகொழுன்னு, வளையலோட.

பேத்தி: அண்ணே, எங்க பாட்டிக்கு ஏது கொழுகொழு கை? பாத்திரம் தேய்ச்சே நகமெல்லாம் தேஞ்ச கை அது.

பாப்பா: வலது ஆள்காட்டி விரல் மடங்காது.

பேத்தி: ...அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

பாப்பா: எனக்கு வகிடு எடுக்கும்போது அந்த விரல் மட்டும் வெறச்சுக்கிட்டுக் குத்தும்.

பேத்தி: இஸ்திரிப் பெட்டி சுட்டது. எங்க யூனிஃபார்ம தேய்க்கறப்போ. எங்களுக்காகப் பட்ட சூடு, தெரிஞ்சுக்கோங்க.

பாப்பா: தெரியும். சொல்லியிருக்காங்க.

பேத்தி: அதையும் உங்ககிட்ட சொல்லிடுச்சா...

கடைக்காரர்: ஃபிரேம் கருப்பா, பிரவுனா?

பேத்தி: இருங்கண்ணே. ஏங்க, பாட்டி உங்கள என்னன்னு கூப்பிடும்?

பாப்பா: பாப்பான்னு. அம்பது தாண்டியாச்சு, இன்னும் எல்லாருக்கும் நான் பாப்பாதான்.

பேத்தி: பாப்பாவாம். எங்கள 'எருமைங்களா, எழுந்திரிங்க'ன்னுதான் எழுப்பும்.

பாப்பா: அதான் எனக்கு வயித்தெரிச்சலே.

பேத்தி: என்னது?

பாப்பா: என்னைய ஒரு நாளும் திட்டினதில்ல. சொந்தப் பிள்ளையத்தானே திட்டுவாங்க.

பேத்தி: நல்லா இருக்கே நியாயம். எங்கம்மா படுத்த படுக்கை. பாட்டி எங்க நாலு பேருக்கும் ஆக்கி மூடி வச்சிட்டு இருட்டோட கெளம்பும். உங்க வீடு, அப்புறம் இன்னும் ரெண்டு வீடு. உங்களுக்கு ரெட்டைச் சடை, ரிப்பன். எனக்குப் பையன் மாதிரி கிராப். தலை வார நேரமில்லன்னு பாட்டியே ஒட்ட வெட்டி விட்டுடுச்சு. எங்களுக்காக ஒரு நாள் லீவு போட்டிருக்குமா?

பாப்பா: போட்டாங்க. மூணு நாள். உங்களுக்குக் காய்ச்சல்னு.

பேத்தி: ...ஆமா. போட்டுச்சு.

பாப்பா: எனக்கும் வரட்டும்னு பச்சத்தண்ணியில நின்னேன். வந்துச்சு. நெத்தியில ஈரத்துணி போட்டு விட்டாங்க. சாயங்காலம் ஆறு மணியானதும் செருப்ப மாட்டிட்டாங்க.

பேத்தி: பின்ன? எங்ககிட்ட வர வேணாமா?

பாப்பா: வரணும்தான்... ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. பத்து வயசுலயே எனக்குத் தானா சடை பின்னத் தெரியும்.

பேத்தி: இந்தப் படத்துல பெரிய பொண்ணால்ல இருக்கீங்க?

பாப்பா: பதினாலு. சடை பின்ன வரலன்னு சொல்லி ஆயாம்மா முன்னாடி போய் உக்காந்துடுவேன். எங்கம்மா வீட்ல இருந்தும் இல்லாத மாதிரி. ஆயாம்மா பின்னி முடிக்கிற அந்த அரைமணிதான்... எனக்கே எனக்குன்னு.

பேத்தி: அடிப்பாவி. நாலு வருஷமா?

பாப்பா: நாலு வருஷம். உங்க வீட்டு நேரத்தத் திருடித் தின்னிருக்கேன். எடுத்துடுங்க என்னைய. கை போனாலும் பரவால்ல.

கடைக்காரர்: அப்போ எடுத்துடவாம்மா?

பேத்தி: ...வேணாண்ணே. அப்படியே போடுங்க, ரெண்டு பேரையும்.

பாப்பா: ஏங்க? நான்தான் சொல்லிட்டேனே...

பேத்தி: நான் சொல்லலியே. என் முடியப் பாட்டி வெட்டல. தினம் எனக்குப் பின்னி விட்டுட்டுத்தான் உங்க வீட்டுக்கே வரும். ஒன்பது வயசுல ஒரு நாள் உங்க ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன்... பாட்டி கையும் உங்க தலையுமா. வீட்டுக்கு வந்து நானே கத்தரிச்சுப் போட்டேன். அதுக்கப்புறமும் பாட்டி விடல. கொஞ்சம் வளர்ந்தாப் போதும், அரைமணி முன்னாடியே எழுந்து சீப்போட என் தலைமாட்டுல வந்து உக்காந்திருக்கும். நான் தூங்கற மாதிரியே கெடப்பேன்.