தாவீது ஓட்டின சக்திமான்

— மொதல்ல அவரை எறக்கு.

— யாரை அங்கிள்?

— ஸ்டியரிங் முன்னாடி ஒரு ஆளை உக்கார வெச்சிருக்கியே, அவரைத்தான். எறக்கு கிரேஸ்.

— அது எங்கப்பா. அவரு ஓட்டின சக்திமான் மிலிட்டரி லாரி இது. டிரைவர் சீட்ல அவரை உக்கார வெக்காம வேற யாரை உக்கார வெக்கிறது?

— யாரும் வேணாம். காலியா வுடு.

— காலியா வுடறதுக்கா பதினோரு மாசம் கண்ணு எரிய உக்காந்து இந்தக் குட்டி மாடலைச் செஞ்சேன்? அந்த மூஞ்சி மட்டும் நாலு வாரம் அங்கிள். பல்லு கட்டுற அக்ரிலிக்ல செதுக்குனது. பல்லு செட் செய்யற எங்க லேப்ல எல்லாரும் சாப்பிடப் போனதும் நான் டிஃபன் பாக்ஸைக் கூட தொறக்காம அப்பாவோட மூக்கை ராவிக்கினு இருப்பேன். மூணு தடவை சரியா வரலைன்னு ஒடைச்சுப் போட்டேன். ஒரே ஒரு கல்யாண போட்டோ, அதைத் தவிர அவரு மூஞ்சி எனக்குத் தெரியாது. நீங்க என்னடான்னா தாமல்லருந்து பஸ் ஏறி வந்து, ஒரு வாய் தண்ணி கூட குடிக்காம, எறக்குன்றீங்க.

— நல்லா இல்லன்னு சொன்னனா? அவரு மாதிரியே இருக்குதும்மா. அதான் சொல்றேன்.

— எனக்குப் புரியலை.

— புரிய வேணாம். இந்தக் கதவு இன்னாத்துக்குத் தொறக்குது?

— கீல் வெச்சிருக்கேன். ஊசி கனத்துல கம்பி... ஐயோ, தொடாதீங்க!

— ஒட்டிடு இதை. தொறக்கக் கூடாது.

— ஏன் தொறக்கக் கூடாது?

— நான் சொல்றேன் இல்ல? ஒட்டிடு.

— இது நல்லா இருக்கே! தார்ப்பாய்க் கயிறு எத்தனை வளையத்துல போவும்னு கேட்டேன், சொன்னீங்க. பானெட் எப்படித் தொறக்கும், டீசல் டேங்க் எந்தப் பக்கம், எல்லாத்துக்கும் வாய்ஸ் மெசேஜ் அனுப்புனீங்க. பக்கத்து வூட்டுத் தறியில மிச்சமான ஜரிகையைத் திரிச்சு பிரேக் கம்பி செஞ்சேன், போட்டோ பாத்துட்டு ‘ஷாபாஷ்’னு போட்டீங்க. கேபினைப் பத்தி கேட்டா மட்டும் ப்ளூ டிக் வரும், பதில் வராது. எட்டு தடவை கேட்டிருக்கேன். எண்ணிக் காட்டவா?

— கேபின்ல இன்னாம்மா இருக்குது? சீட்டு, ஸ்டியரிங், கியர். எல்லா காடியும் ஒண்ணுதான்.

— எல்லா வண்டியும் ஒண்ணு கெடையாது! ஏதோ ஒரு சக்திமான் வேணும்னா நெட்ல படம் பாத்து ஒரே மாசத்துல முடிச்சிருப்பேன். தொண்ணூத்தொம்பதுல கார்கில்ல எங்கப்பா ஓட்டுன சக்திமான்தான் எனக்கு வேணும். அந்த வண்டி. அதுக்குப் பின்னாடி வண்டியில வந்தவரு நீங்க ஒருத்தர்தான். நீங்களும் வாயைத் தொறக்க மாட்டீங்க, எங்கம்மாவும் தொறக்க மாட்டாங்க.

— தொறந்து இன்னா ஆவப் போவுது?

— ஒரே தட்டுல சாப்பிட்டோம்னு சொன்னீங்களே அங்கிள். அப்படிப்பட்ட ஆளு, இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவை இந்த வாசல்ல கால் வெச்சிருக்கீங்களா? என் ஞானஸ்நானத்துக்கு வந்தீங்களா? தாமல் என்ன டெல்லியா? முன்னாள் ராணுவத்தார் சங்கத்து ஆபீஸ்ல அலைஞ்சு உங்க நம்பரை நானா தேடிப் புடிச்சேன். அதுக்கப்புறம்தான ராமராஜன்னு ஒரு ஆளு இருக்கறதே எனக்குத் தெரியும்!

— வரக் கூடாதுன்னு உத்தரவும்மா.

— யாரு போட்ட உத்தரவு?

— நான் போட்ட உத்தரவுதான்.

— அம்மா! சர்ச்சு அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?

— பாதியில எழுந்து வந்தேன். மனசு ஒரு நெலையில இல்ல. இப்பத்தான தெரியுது ஏன்னு. இவனை எவடி உள்ள வுட்டது?

— அண்ணி, நான்...

— அந்த வாயால அண்ணின்னு கூப்பிடாத! என் வூட்டுக்கூரை கீழ நின்னுக்கினு கூப்பிடாத. எழுந்து போ வெளிய.

— நான்தான் கூப்பிட்டேன்மா. அப்பாவோட ஃப்ரெண்டு. எதுக்கு இப்படிப் பேசுற?

— ஃப்ரெண்டா? நல்ல ஃப்ரெண்டு. கர்த்தரே, இந்தப் பொண்ணு வாயால இதை நான் கேக்கணுமா? ராமராஜா, போயிடு. மரியாதையா சொல்லும்போதே போயிடு.

— போறேன். அந்த ஆளை வண்டியிலருந்து எறக்கச் சொல்லுங்க, போயிடறேன்.

— வண்டியையே தூக்கிப் போடச் சொல்லு! அதை இவ செய்ய ஆரம்பிச்ச நாள்லருந்து நான் இந்த ரூம்ல கால் வெக்கலை, தெரியுமா? ஒரு துடைப்பம் எடுக்கக்கூட உள்ள வரலை. ராவுற சத்தம் கேக்கும்போதெல்லாம் என் வயித்தையே ராவுற மாதிரி இருக்கும். கேட்டா, ‘ஹாபி’ன்னுவா.

— ரெண்டு பேரும் சேந்து என்னை என்ன லூசுன்னு நெனச்சீங்களா? நீ தூக்கிப் போடுன்ற, இவரு எறக்குன்றாரு. காரணம் மட்டும் யாரும் சொல்ல மாட்டீங்க. வர்ற இருபத்தாறாந் தேதி, கார்கில் தினத்தன்னிக்கு, அப்பா படிச்ச ஸ்கூல்ல இதைக் கண்ணாடிப் பொட்டியில வெக்கப் போறாங்க. கூட வெக்க ஒரு போர்டு எழுதணும், நாலு வரி எழுதிக் குடும்மான்னு ஹெச்.எம். நாலு தடவை போன் பண்ணிட்டாரு. என்ன எழுதட்டும்? ‘குண்டு விழுந்தது, அந்த இடத்துலயே உயிர் போச்சு.’ அவ்வளவுதான? அதானம்மா எனக்கு நீ சொன்னது?

— அதையே எழுது.

— அந்த இடத்துலயே போவலை.

— டேய்!

— என்ன சொன்னீங்க?

— ராமராஜா, சத்தியம் பண்ணிட்டுப் போனே இல்ல? என் புள்ள காதுக்கு இது வரக் கூடாதுன்னேன், சரின்னியே!

— பண்ணேன். இல்லன்னு சொல்லலையே. இருபத்தாறு வருஷம் காப்பாத்துனேனா இல்லையா? தாமல் ஏரிக்கரையில ஒண்டியா உக்காந்துக்கினு காப்பாத்துனேன். என் பொண்டாட்டிகிட்ட கூட வாயைத் தொறக்கலை. ஆனா இன்னிக்கு இது பெரிய கண்ணாடிப் பொட்டியில போவப் போவுது. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கல்லாம் எட்டிப் பாக்கும். உள்ள நல்லா சிரிச்ச மூஞ்சியா ஒரு மனுஷன், பக்கத்துல தொறந்து மூடுற கதவு! அந்தக் கதவு தொறந்திருந்தா நான் ஏன் இப்படி இருக்கேன்?

— அங்கிள். முழுசா சொல்லுங்க.

— சொல்லாத.

— சொல்லுங்க! இல்லன்னா இந்த வண்டியை இப்பவே தூக்கி செவுத்துல அடிப்பேன். பதினோரு மாசம் போனா போவுது.

— அடிடி. புண்ணியமாப் போவும்.

— அடிக்காதம்மா. கீழ வெய். சொல்றேன். மொத்தம் பத்து காடி. எல்லாத்துலயும் பீரங்கிக் குண்டு. மேல ஏத்தத்துல போய்க்கினு இருக்கோம். இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் கிடுகிடு பள்ளம். ஒரு வண்டி போற அகலந்தான் ரோடு. மூணாவது வண்டி உங்கப்பா, நாலாவது நான். விடிஞ்சும் விடியாம வெளுத்துக்கினு வருது. அவங்க கண்ணுல பட்டுட்டோம்.

— அப்புறம்?

— ஒரு ஷெல்லு மலை மேல விழுந்து, பாறை பேந்து கேபின் மேல வந்துடுச்சு. முன் சக்கரம் போச்சு. வண்டி நடு ரோட்டுல குறுக்க நின்னுடுச்சு. நான் எறங்கி ஓடுனேன். உங்கப்பாவுக்கு நல்லா நெனவு இருந்துச்சு. ஸ்டியரிங் எறங்கி ரெண்டு தொடையையும் அழுத்திக்கினு இருக்குது. கதவு நசுங்கிப் போச்சு. ஜாக்கி கம்பி போட்டு நெம்புறேன், காலை வெச்சு ஒதைக்கிறேன், அசையலை. அந்தப் பக்கம் பாறை. அதுக்குள்ள அடுத்த ஷெல்லு. தார்ப்பாய்ல நெருப்பு புடிச்சிக்கிச்சு.

— பின்னாடி...

— பின்னாடி பூரா குண்டு. வெடிச்சா அந்த வண்டியோட நிக்காது. அதுக்குப் பின்னாடி என் வண்டி, என் பின்னாடி ஆறு வண்டி. ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்குது. ரிவர்ஸ் எடுக்க எடம் கெடையாது. மேல நம்ம பசங்க பீரங்கிக்குக் குண்டு இல்லாம காத்துக்கினு இருக்காங்க. எவ்ளோ நேரம் யோசிச்சேன்னு கேக்காத. யோசிக்கவே இல்ல. என் காடியில ஏறினேன். ஃபர்ஸ்ட் கியர் போட்டேன். அவரு வண்டியை முட்டித் தள்ளுனேன்.

— எங்க தள்ளுனீங்க?

— பள்ளத்துல.

— எங்கப்பா உள்ள இருக்கும்போது?

— ஆமா.

— உயிரோட?

— ஆமாம்மா.

— அம்மா, உனக்கு இது தெரியுமா? இத்தினி வருஷமா தெரியுமா?

— தெரியும். நீ எட்டு மாசம் என் வயித்துல. லீவுல வந்தான், நேரா இங்கதான் வந்தான். வாசப்படியில உக்காந்து தலைதலையா அடிச்சிக்கினு சொன்னான். அன்னிக்கே அருவாமனை எடுத்துக்கினு வந்தேன்டி நான்.

— இந்த மனுஷன் அப்பாவைக் கொன்னிருக்காரும்மா! கொன்னுட்டு எனக்கு ஷாபாஷ்னு மெசேஜ் அனுப்பிக்கினு இருந்திருக்காரு! அங்கிள்னு கூப்பிட்டேனே. வந்ததும் வராததுமா காபி போடவான்னு கேட்டேனே!

— கேளும்மா. இன்னும் கேளு. நெஞ்சுல ஒரு மெடல் குத்துனாங்க எனக்கு. ஏழு வண்டியைக் காப்பாத்துன வீரன்னு. அரிசி டப்பா அடியில போட்டு வெச்சிருக்கேன். எனக்கு வேண்டியது மெடல் இல்ல, நீ இப்பக் கேக்குறியே, இதான்.

— போதும் கிரேஸ். அந்த வார்த்தை வேணாம். கொலைன்னு சொல்லாத.

— வேற என்னம்மா சொல்றது? நீ எதுக்கு இவருக்கு வக்காலத்து?

— இவனுக்காக இல்ல. உங்கப்பாவுக்காக. அவரேதான் சொன்னாருடி. ‘தள்ளு ராமா, என்னைப் பாக்காத, தள்ளு’ன்னு அவரே சொன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அன்னிக்கு அருவாமனையைக் கீழ போட்டேன். இவன் மூஞ்சில முழிக்க முடியாது என்னால. ஆனா கொல்லலை. அவரு சொல்லித்தான் செஞ்சான்.

— அப்பாவே சொன்னாரா?

— அவருதான். அவரு அப்படித்தான். முசரவாக்கத்துல ஆத்துல ஒருத்தன் முழுவுனா இவரு கரையில நிக்க மாட்டாரு. அந்த வார்த்தையை வெச்சுக்கினுதான் நான் இருந்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் முட்டி போடும்போது அதைத்தான் சொல்லுவேன். எம் புருஷன் பயந்து சாவலை, குடுத்துட்டுப் போனாருன்னு.

— இதைப் போயி என்கிட்ட மறைச்சியேம்மா! ஏன்மா மறைச்ச?

— தகப்பன் உயிரோட உருண்டான்னு சொல்லி ஒரு புள்ளையை வளக்கச் சொல்றியா? நீ ராத்திரி தூங்குவியா, நான் தூங்குவனா?

— பெருமையா வளந்திருப்பேன்மா! ஸ்கூல்ல ஒவ்வொருத்தியும் அப்பா கதை சொல்லும்போது நான் கல்லு மாதிரி உக்காந்திருப்பேன். இவ்ளோ பெரிய கதை என்கிட்ட இருந்திருக்கு, நீ பூட்டி வெச்சிருக்க! கோவமா வருதும்மா உன்மேல. உன்மேலயும் இவரு மேலயும். எத்தினி பேரு அங்கிள்? பின்னாடி எத்தினி பேரு?

— ஏழு வண்டியிலயும், என்னைச் சேத்து ஒம்போது பேரு. எல்லாரும் வூடு போய்ச் சேந்தாங்க.

— பேனா எங்க? இருங்க. யாரும் பேசாதீங்க. இதைத்தான் எழுதப் போறேன். குண்டு விழுந்தது, செத்தாருன்னு எழுத மாட்டேன். ‘முசரவாக்கம் தாவீது ஓட்டிய சக்திமான். எரியும் வண்டிக்குள் சிக்கியிருந்தபோது, தள்ளு என்று அவரே தன் நண்பனுக்குச் சொன்னார். பின்னால் வந்த ஒன்பது பேர் உயிர் பிழைத்தார்கள்.’ அம்மா, சரியா இருக்கா?

— எழுது. எழுதுடி. இனிமே ஊரு படிக்கட்டும்.

— கதவையும் ஒட்டிடறேன் அங்கிள். நீங்க சொன்னது சரிதான். நசுக்கியே வெக்கிறேன். ஆனா அப்பாவை எறக்க மாட்டேன். அவரு அங்கதான் இருக்கணும்.

— கிரேஸ். ரெண்டாவது வரியை அடிச்சிடு.

— எதை?

— ‘தள்ளுன்னு சொன்னாரு’ன்னு எழுதியிருக்கியே. அதை எடுத்துடு. மத்ததெல்லாம் இருக்கட்டும்.

— விளையாடறீங்களா? அதுதான மெயின் லைனே!

— வேணாம்மா. கண்ணாடிப் பொட்டியில வெக்காத அதை. காலம் பூரா படிச்சிக்கினு இருப்பாங்க. அடிச்சிடு.

— இன்னாடா சொல்ற நீ? ராமராஜா, என்னைப் பாத்துப் பேசு. எதுக்கு அடிக்கணும்?

— அன்னிக்கு எட்டு மாச வயித்தோட, கையில அருவாமனையோட, வாசப்படியில நின்னுக்கினு கேட்டீங்க அண்ணி, கடைசியா இன்னா சொன்னாருன்னு. நான் அருவாமனைக்குப் பயப்படலை. உங்க மூஞ்சியைப் பாத்தேன். என் வாயில அந்தப் பொய்தான் வந்துச்சு.

— அப்ப அவரு இன்னாதான் சொன்னாரு?

— ‘வேணாம்டா ராமா, வேணாம்டா’ன்னாரு. நான் திரும்பி என் வண்டிக்கு நடக்கற வரைக்கும் கத்திக்கினே இருந்தாரு.