கட்டிக்குள் போன செல்

அரக்கோணத்திலிருந்து திருப்பதி போகும் ரயிலில், என் பக்கத்து இருக்கைகளில் ஒரு தந்தையும் ஆய்வகத்தில் வேலை செய்யும் அவர் மகளும் இருந்தார்கள். அவருடைய முழங்கால் வீங்கியிருந்தது.

"ரத்தத்துல நோய் எதிர்ப்பு செல்லு ஜோரா கீதுன்னு டாக்டரே சொன்னாரு. அப்பறம் இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி?"

"ரத்தத்துல ஜோராதான் கீது நைனா. முட்டியில கீற கட்டிக்குள்ள போனா ஆக்சிஜன் இல்ல, கொழுப்பு ஜாஸ்தி. அங்க செல்லோட மேல்தோலே மாறிப்பூடுது. அந்தத் தோலாலதான் அது கேன்சரைத் தொட்டுக் கண்டுபிடிக்கணும்."

"கண்டுபிடிக்காட்டி?"

"பக்கத்துலயே குந்திக்கினு சும்மா கீது."

"நம்ம வார்டு மெம்பரு மாதிரி."

அவள் சிரிக்கவில்லை.

எலும்பு முறிவுக் கட்டுக்குப் பேர்போன புத்தூரில் வண்டி நின்றது.

"இன்னொரு கட்டு போட்டுக்கினு பத்து நாள்ல வரேம்மா. போன கட்டுக்கே வலி கொறஞ்சுது."

"அது எலும்பு முறிவுக்கு நைனா! இன்னிக்கே திருப்பதி ஆஸ்பத்திரியில அட்மிட் ஆவச் சொல்லிக்கீறாரு டாக்டரு. எறங்காதே."

அவர் எழுந்து என்னிடம், "கொஞ்சம் வழி விடுங்க சார்" என்றார்.

என் மனைவிக்கும் முழங்காலில் இதே கட்டிதான். படித்த நானே அவளை மூன்று முறை புத்தூருக்குக் கூட்டி வந்து கட்டுப் போட வைத்தேன். நான்காம் முறைக்கு அவள் இல்லை. அதைச் சொல்லியிருந்தால் அவர் உட்கார்ந்திருக்கக்கூடும். நான் காலை மடக்கி வழி விட்டேன்.