மந்திரகோடிக்கு ஒரு ரவிக்கை

மறியக்குட்டி: ரெண்டு பேரும் ரவிக்கையோட ஒரே தோளைப் பிரிச்சுக்கிட்டிருக்கோம் பாரு. நீ அந்தப் பக்கம் போ.

ஏலியாம்மா: பிளேடு ஒண்ணுதானே இருக்கு சேச்சி...

மறியக்குட்டி: அப்ப நீ பிரி. நான் பின்னாலயே இஸ்திரி போட்டு ஊசி குத்தி வைக்கிறேன். அப்புறம் மிஷின்ல ஒரே ஓட்டு. உங்க வீட்டுல எந்த வேலையையும் நாலு பேர் சேர்ந்துதான் கெடுப்பீங்க. கப்பைக் கிழங்கு அவிச்சா மூணு பேர் உப்புப் போடுவீங்க.

ஏலியாம்மா: வேலியோரம் நின்னு எங்க உப்பையும் எண்ணுறீங்களா?

மறியக்குட்டி: கண்ணு இருக்கே, என்ன செய்ய. மெதுவா... கிழிச்சிராதே. இருபத்தஞ்சு வருஷத்துப் பட்டு.

ஏலியாம்மா: மூணு பிள்ளை பெத்ததுல சோசா ரெண்டு தடவை விரிச்சிருக்கா. இந்தா, கல்யாணத்தன்னைக்குப் போட்ட தையல். தடம் இன்னும் தெரியுது.

மறியக்குட்டி: அதுலயே பிடிச்சிரலாம்ல?

ஏலியாம்மா: பத்தாது. அதுக்கும் உள்ளே ரெண்டு விரல்.

மறியக்குட்டி: மாதாவே... உன் தம்பி தொடப்பக்குச்சிக்கு மந்திரகோடிப் புடவை போர்த்திக் கூட்டிட்டு வந்திருக்கான்னு அன்னைக்கே சொன்னவ நான். இப்ப அதைவிடவா? அளவு எப்படி எடுத்தே?

ஏலியாம்மா: உடம்பு துடைக்கறப்ப. முதுகுல புண்ணு இருக்கான்னு பாக்கறேன்னு சொல்லி, நூலைச் சுத்தினேன்.

மறியக்குட்டி: டாக்டரு எத்தனை நாள்னு...

ஏலியாம்மா: மெதுவாப் பேசுங்க! நடுவுல வெறும் பலகைத் தடுப்புதான். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பிடிச்சதைச் செஞ்சு கொடுங்க"ன்னார். அவ்வளவுதான். அவகிட்ட ஒருத்தரும் மூச்சு விடக்கூடாதுன்னு என் தம்பி சத்தியம் வாங்கியிருக்கான். வயித்துப் புண்ணு, ஆறிடும்னு நம்பிக்கிட்டுக் கிடக்கா பாவி.

சோசம்மா: அங்கே என்ன கிசுகிசு? கட்டில்ல கிடந்தாலும் காது நல்லாத்தான் கேக்குது.

மறியக்குட்டி: ஒண்ணுமில்லடி சோசா! உன் கல்யாண ரவிக்கையைப் பிடிக்கறோம். அடுத்த மாசம் இருபத்தஞ்சாம் வருஷப் பூசைக்கு கல்யாணத்தன்னைக்குத் தான் போர்த்திவிட்ட மந்திரகோடியை நீ கட்டிக்கிட்டு வரணும்னு பேபிச்சனுக்கு ஆசையாம்.

சோசம்மா: அவருக்கா? கல்யாணம் ஆனதே மறந்துபோச்சு அந்த மனுஷனுக்கு.

ஏலியாம்மா: என் தம்பியைச் சொல்லலேன்னா உனக்குப் பொழுது போகாது.

சோசம்மா: எனக்கும் ஒரு வேலை கொடுங்க. ஹூக்கு நான் தைக்கிறேன்.

ஏலியாம்மா: பக்கம் ரெண்டையும் ஓட்டிட்டுத் தர்றேன்... கொடுக்கலாமா சேச்சி?

மறியக்குட்டி: கொடு, கொடு. சந்தேகம் வராது. ஆமா... அவளுக்கு யாரு உடுத்திவிடப் போறது?

ஏலியாம்மா: நாம ரெண்டு பேரும்தான். எங்கம்மா செத்தப்ப அவதான் உடுத்திவிட்டா. நான் துபாய்ல இருந்தேன். சவப்பெட்டியில தொளதொளன்னு கிடக்கக் கூடாது சேச்சி. ஊரே வந்து எட்டிப் பாக்கும்.

மறியக்குட்டி: முதல்ல எட்டிப் பாக்கறவ நான்தானே... நூலை அறு. முடிஞ்சது.

ஏலியாம்மா: இந்தா சோசா. எட்டு ஹூக்கு. அவசரமில்ல.

சோசம்மா: அவசரமில்லையா... சரி, நீங்க போய் டீ குடிங்க.

மறியக்குட்டி: ஒரு டீயாவது போட்டியே. சர்க்கரைதான் காணோம்.

ஏலியாம்மா: மூணு பேர் போடலையே, அதான்.

சோசம்மா: முடிச்சுட்டேன்... வந்து எடுத்துக்கோங்க.

மறியக்குட்டி: அடியே, என்ன பண்ணி வச்சிருக்கே? ஹூக்கு எட்டும் அப்படியே கிடக்கு. முன்பக்கத்தை மேலேருந்து கீழ வரைக்கும் மூடித் தச்சுட்டே. கையை எப்படி நுழைப்பே?

ஏலியாம்மா: கண்ணு மங்கியிருக்கும் சேச்சி... விடுங்க, நான் பிரிக்கறேன்.

சோசம்மா: பிரிக்காதீங்க ஏலிச் சேச்சி. முதுகுல நடுவால வெட்டி விட்டுடுங்க. உங்கம்மாவுக்கு நான் ஒருத்தியா உடுத்தினப்ப விறைச்ச கை மடங்கவே இல்ல... தோள்ல சத்தம் கேட்டுச்சு. இப்படின்னா ஆளுக்கொரு கையை மாட்டி, முதுகுக்கு அடியில செருகிட்டாப் போதும். அவர்கிட்ட மட்டும் சொல்லாதீங்க... எனக்குத் தெரியாதுன்னே அவர் இருக்கட்டும்.