அந்த இரண்டு பிள்ளைகள் மட்டும்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் வைத்தால் யாரும் அதிகம் கேள்வி கேட்க மாட்டார்கள். வயிறு நிறைந்தவன் தலையாட்டுவான். அதனால்தான் அன்றும் இரண்டு மணிக்கு வைத்தேன். இதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

எங்கள் மருத்துவமனைக்குப் பல கிளைகள். பதிவு கவுன்ட்டர், பரிசோதனைக்கூடம், மருந்துக் கடை எல்லாம் தனித்தனியாகத் தகவல் வைத்திருந்ததால் ஒரே நோயாளி ஐந்து ஆளாகத் திரிந்தார். அத்தனையையும் ஓரிடத்தில் சேர்த்து அவரை ஒரே ஆளாக்குவதுதான் நான் வடிவமைத்த தரவுக் கிடங்கு. யாருக்கு எந்த மருந்து ஆகாது என்பதும் அதிலிருந்துதான் டாக்டரின் திரைக்கு வரும்.

குழந்தைகள்தான் தலைவலி. பிறந்ததும் தாயின் பெயரில் பதிவார்கள், பெயர் வைத்தபின் வேறொரு பதிவு போடுவார்கள். ஆகவே குழந்தைகளுக்குப் பெயரையே பார்க்க வேண்டாம் என்று விதி எழுதினேன். பிறந்த தேதி, தாயின் பெயர், போன் எண் மூன்றும் ஒத்துப்போனால் ஒரே குழந்தை. பதிவுகள் முரண்பட்டால் பிந்தியது நிற்கும். அழகான விதி. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது இயக்குநர் முன்வரிசையில் இருந்தார். மென்பொருள் சோதனைப் பிரிவுப் பெண் கதவோரமாக உட்கார்ந்திருந்தாள். நாங்கள் அவளைப் பூதக்கண்ணாடி என்போம். நல்ல இடம் காலியாக இருக்கும்போது ஒருத்தி ஏன் கதவோரம் போய் உட்கார வேண்டும்? அப்போதே எனக்கு உறுத்தியது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

"ரெட்டைப் பிள்ளைங்க வந்தா என்ன சார் ஆகும்? எங்க வீட்டுலயே ரெண்டு இருக்கு. பெரியவளுக்குப் பென்சிலின் ஆகாது. சின்னவளுக்கு ஒண்ணுமில்ல."

தூங்கி வழிந்த அறை விழித்துக்கொண்டது. எனக்கு வந்தது பயமில்லை, ஆத்திரம். தேநீர் குடிக்கும்போது தனியாகச் சொல்லியிருக்கலாமே. இயக்குநர் வரும்வரை காத்திருந்து என் காலை வாரினாள். முந்தின நாளே செய்தி அனுப்பியதாக உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அனுப்பினாள்தான். நான் திறக்கவில்லை. திறக்காத செய்தி எனக்கு எப்படித் தெரியும்?

"பார்த்து வச்சிருக்கேன்மா. சரி பண்ணிடலாம்" என்றேன்.

"அவங்க டெஸ்ட் பாஸ் ஆனா உடனே ஆரம்பிச்சிடலாம்" என்றார் இயக்குநர்.

முறையாகத் திருத்த வேண்டுமென்றால் எல்லாக் கிளைகளிலும் பதிவு முறையையே மாற்ற வேண்டும். மாதக்கணக்காகும். இது ஓடத் தொடங்கினால் எனக்குக் கிடைக்கவிருந்த தலைமைப் பதவி அதுவரை காத்திருக்காது.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. எதைச் சோதித்தாலும் சொந்தப் பிள்ளைகளின் பதிவைத்தான் எடுப்பாள். "என் பிள்ளைங்க விஷயத்துல சரியா தப்பான்னு யாரையும் கேக்க வேண்டாமே" என்பாள். எனவே நான் ஒரே ஒரு வரி எழுதினேன். அந்த இரண்டு நோயாளி எண்களை மட்டும் எக்காரணம் கொண்டும் ஒன்றாக்கக் கூடாது.

சோதித்தாள். இரண்டு பிள்ளைகளும் தனித்தனியாக நின்றார்கள். "ரொம்ப நல்லாயிருக்கு சார், நான்தான் வீணா பயந்துட்டேன்" என்று சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. இவ்வளவு சுலபமாக நம்புகிறவளை எப்படி நம்புவது?

மற்ற இரட்டையர்களைப் பற்றி எனக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். பதவி உயர்வு வந்த அன்றே எத்தனை ஜோடிகள் ஒன்றாகியிருக்கின்றன என்று தேடிப் பார்த்தேன். திரையில் பக்கம் பக்கமாக வந்தது. மூடிவிட்டு, எல்லோருக்கும் இனிப்பு வாங்கப் போனேன்.

நீங்கள் மேசைமேல் வைத்திருக்கும் படத்திலுள்ள சிறுவன் காய்ச்சலோடு வந்திருக்கிறான். அவனோடு பிறந்த இரட்டைத் தம்பியின் பதிவு பிந்தியது, அதில் ஒவ்வாமை எதுவும் கிடையாது. அவனுடைய அப்பா நர்சிடம் கேட்டாராமே. "ஏதோ ஒரு மருந்து இவனுக்கு ஆகாதுன்னு வீட்டுல சொல்வாங்க சிஸ்டர், பேரு வாயில வரல." அந்த நர்ஸ் திரையைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறாள், "இதுல அப்படி ஒண்ணும் இல்லையே சார்." பிறகு அந்த மருந்தையே ஊசியாகப் போட்டார்கள். கிடங்கில் எந்தக் கோளாறும் இல்லை. விதி சொன்னபடியேதான் நடந்தது.

ஆமாம், தெரிந்தே விட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

காலையில் பூதக்கண்ணாடி உங்களிடம் பேசிவிட்டு வெளியே வந்து நின்று அழுதாள் என்று உங்கள் காவலர் சொன்னார். எதற்கு அழ வேண்டும்? அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வராதபடி பார்த்துக்கொண்டது நான்தான். அதற்கு இதுவரை ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.