சூடம் காட்டுமுன் சாமான் அறையைத் திறந்துவிடுங்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் கோயில் சபைத் தலைவர் பொன்னையா ஐயா அவர்களுக்கும், இளைஞர் கழகத்து அண்ணன்மாருக்கும், தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு நேராக வந்திருக்கும் தாய்மாருக்கும், முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் மாரியாயி அக்காவுக்கும் என் பணிவான வணக்கம்.

நான் ஜெயந்தினி, நல்லையாவின் மகள். பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறவள். நம் இளைஞர் கழகச் செயலாளர் அமரர் சதீஸ்குமார் அண்ணாவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வாசிக்க ஒரு தாளும் தந்தார்கள். நான் வாசிப்பது அது இல்லை. இதை வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு எழுதினேன். எனக்குப் பயமாக இருக்கிறது. முடியும்வரை தயவுசெய்து மைக்கை வாங்கிவிடாதீர்கள்.

சதீஸ்குமார் அண்ணாவை அறியாத வீடு நம் தோட்டத்து லயங்களில் உண்டா? மண் சரிந்த இரவில் கதவு கதவாகத் தட்டி நம்மை எழுப்பியவர் யார்? தேர் போகும் பாதை முழுக்க விளக்குப் போட்டவர் யார்? அந்தச் செயலாளர், தவறிப்போன விஞ்ஞானப் பரீட்சையை மறுபடி எழுத எங்களோடு வாசிகசாலையில் வந்து உட்கார்ந்தார். நாங்கள் சிரித்தோம். "சிரிங்க சிரிங்க. நீங்க பாஸாகிப் போயிருவீங்க. நான்தான் இந்தப் பாடத்துக்கு விசுவாசமா இருக்கேன்" என்றார்.

ஒருநாள் நீர் கலந்த ஐதான அமிலத்தில் நாகம் என்கிற துத்தநாகத் துண்டைப் போட்டோம். குமிழி குமிழியாக வாயு வந்தது.

"ஏ புள்ள, இது வெடிக்குமா?"

"கொஞ்சமா இருந்தா டப்புன்னு சத்தம் மட்டும் வரும்ண்ணே."

"நெறைய இருந்தா?"

"நாம இருக்க மாட்டோம்."

"அப்ப நீயே பத்த வை. நான் குடும்பஸ்தன்." சொல்லிவிட்டு என்னைப் பின்னால் தள்ளி, தீக்குச்சியை அவரே பிடித்தார்.

அந்த வாயு ஐதரசன், இங்கிலீஷில் ஹைட்ரஜன். அதற்கு நிறமில்லை, மணமில்லை. பெட்டரியைச் சார்ஜ் போடும்போதும் அதே வாயு வரும். மின்சாரம் உள்ளே இருக்கும் நீரை ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கும். இதைத்தான் மின்பகுப்பு என்று படித்தோம். அந்தக் குமிழியும் கோயில் பெட்டரியின் குமிழியும் ஒன்றென்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

தேர் விளக்குக்கான பெட்டரிகளைச் சாமான் அறையில் வைத்து இரவெல்லாம் சார்ஜ் போடுவது நம் வழக்கம். "பனி எறங்குனா சாமான் கெட்டுப்போகும், நல்லா சாத்துங்கடா" என்பதும் வழக்கம். அண்ணா ஜன்னல் இடுக்கிலெல்லாம் சாக்கைத் திணித்தார். சாமான்களை வெளியே எடுக்குமுன் சூடம் காட்டுவதும் வழக்கம். அன்றைக்கு மாரியாயி அக்கா சூடத்தை ஏற்றிக் கணவரிடம் தட்டை நீட்டினார். அண்ணா வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அந்தச் சத்தம் தேயிலைத் தொழிற்சாலை வரை கேட்டது.

இப்போது என்ன பேசுகிறார்கள்? "அவ தீட்டோட சூடம் ஏத்துனா சாமி சும்மா விடுமா?" குழாயடியில் என் காதுபடச் சொன்னார்கள். அக்கா அங்கே தண்ணீர் எடுக்க வருவதையே நிறுத்திவிட்டார். தீட்டு என்றால் ஆளை மாற்றினால் போதும். சபை ஆளை மாற்றியிருக்கிறது. வாயு என்றால்? ஆளை மாற்றி என்ன பயன்?

மாற்றிய ஆள் என் அப்பா.

அன்று நின்றுபோன தேர் இன்று ஓடுகிறது. நேற்று மாலையிலிருந்து பெட்டரிகள் சார்ஜில் இருக்கின்றன. அதே அறை, அதே சாத்திய ஜன்னல், அதே சாக்கு. கூரைத் தகரம் மட்டும் புதிது. இந்தக் கூட்டம் முடிந்ததும் அப்பா சூடத் தட்டோடு அங்கே போகவேண்டும். வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "சபை சொன்னத மீறுனா நாளைக்கு நம்ம வீட்டுச் சாவுக்கு யாருடி வருவா?" என்றார்.

பொன்னையா ஐயா, உங்களை எதிர்க்க நான் இங்கே நிற்கவில்லை. எங்களை ஒதுக்கிவைப்பீர்களோ என்றும் பயம்தான். ஆனால் இந்தப் பயம் அதைவிடப் பெரியது.

அண்ணாவின் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி சொன்னீர்கள். நானும் சொல்கிறேன். அதை அந்தக் கதவில் தொடங்குவோம். இப்போதே யாராவது போய் அதை அகலத் திறந்து, சாக்குகளை வெளியிலிருந்து இழுத்துப் போடுங்கள். கையில் நெருப்பு வேண்டாம். உள்ளே எந்தச் சுவிட்சையும் தொட வேண்டாம். திறந்துவிட்டு விலகி வாருங்கள், காற்று ஓடட்டும். போனவர் திரும்பி வந்து சொன்ன பிறகு அண்ணாவுக்காக மௌனமாக நிற்போம்.

அப்பா, அதுவரை நீங்கள் எழுந்திருக்க வேண்டாம்.