ஐந்தடி ஐந்தங்குலம்

லோவெல் நகரில் இலையுதிர்காலம் மெல்லத்தான் அடங்கும். மேப்பிள் மரங்கள் செம்மை களைந்து நிற்கும். ஆலைப்புகை ஆற்றின்மேல் அசையாது கிடக்கும். வரப்போகும் பனியை எண்ணி ஊரே குரல் தாழ்த்திப் பேசும். எனக்கு மிகவும் உகந்த பருவம் அதுதான், ஐயா.

இரும்பு வார்ப்படச் சாலையிலிருந்து பேஸ்பால் ஆடப் போனவன் நான். பதினோர் ஆண்டுகள் ஊதியத்துக்குப் பந்தெறிந்தேன். எங்கள் ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஒருவனே எறிவான். நேற்றும் அவன், நாளையும் அவன். இந்தக் கோடையில் என் வலக்கை தோளுக்குமேல் எழ மறுத்தது. சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிட்டாள்.

அணித்தலைவர் குய்க்லி சுற்றி வளைக்கவில்லை. "மாப்ள, மனசுல வச்சுக்காத. அடுத்த வருசத்துக்கு பிக்ஃபோர்டப் பேசி முடிச்சாச்சு. நீ மறுபடி இரும்பு காய்ச்சப் போ. குளிருக்கு இதமா இருக்கும்."

எறிவது ஒன்றைத் தவிர எனக்கு வேறு பெயரில்லை.

பிக்ஃபோர்ட் எதிரணியில் எறிபவர். மூன்று வாரம் கழித்துப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் என் முன்னே மட்டையோடு நின்றார். பந்து மேலே வேண்டுமா, கீழே வேண்டுமா என்று அடிப்பவர் கேட்க வேண்டும். எறிபவன் கொடுக்க வேண்டும். பிக்ஃபோர்ட் எப்போதும் மேலேதான் கேட்பார்.

"என்ன அண்ணே, கை தூங்குதா? மேலயே போடுங்க. மெதுவா வரட்டும், அதுக்குள்ள நான் ஒரு சுருட்டு குடிச்சுக்கிறேன்."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

மேலே என்றால் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே. நான் ஒரு சாண் கூட்டிக் கொடுத்தேன். பந்து நெற்றிப்பொட்டில் பட்டது. அவர் முதலில் உட்கார்ந்தார். பிறகு, களைத்தவர்போல் படுத்தார். பொழுது சாயுமுன் இறந்தார்.

"செத்த கைங்க அது, வழுக்கிடுச்சு," என்று குய்க்லி, விசாரிக்க வந்த உங்களிடம் சொல்லியிருப்பார். நல்ல மனிதர், அவருக்குத் தெரியாது. அந்த மூன்று வாரமும், காலைப் பூசை முடிந்ததும், என் தொழுவச் சுவரில் கரியால் வரைந்த வட்டத்தை நோக்கி எறிந்து பழகினேன். தரையிலிருந்து ஐந்தடி ஐந்தங்குலம். மட்டையோடு நிற்கையில் அவர் பொட்டு இருக்கும் உயரம். ஒவ்வோர் எறிக்கும் கண்ணில் நீர் வரும். ஆட்டத்தன்று மட்டும் வலிக்கவேயில்லை.

எனக்கு அவர்மேல் பகையில்லை. கீழே கேட்டிருந்தால் இன்றும் இருந்திருப்பார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் போனபின் கோயிலில் முழந்தாளிட்டு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். எறிந்த கையாலேயே சிலுவை அடையாளம் இட்டேன். அவருக்கு ஒரு கைக்குழந்தை உண்டாம். அன்று என் கைக்கு அருள்புரிந்த ஆண்டவர் அப்பிள்ளையின் கையையும் ஆசீர்வதிப்பாராக.