இத்தா வீட்டுத் தண்ணீர்

அந்தி நேரத்து மஃரிப் பாங்கு காற்றில் அரைகுறையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆளரவமில்லாத வாய்க்கால் வரம்பு. மோட்டார் சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை. சரித்துப் போட்டுவிட்டு, றினாஸ் தன் தொண்டைக்குள் இரண்டு விரலை விட்டுக் குடைந்துகொண்டிருந்தான்.

வரவில்லை.

"இன்னும் உள்ளுக்கு விடு தம்பி... வெட்கப்படாத... விடு!"

முதுகில் ஓங்கிக் குத்தினார் நல்லரெத்தினம். அந்த வட்டை வயல்களுக்குத் தண்ணீர் திறந்து மூடுகிற வட்டவிதானை அவர். வயல் பார்க்க வந்த மனிதர், இப்போது ஒரு கையில் டோர்ச்சும் மறு கையில் றினாஸின் கழுத்துப்பட்டியுமாக நின்றார்.

மறுபடி விரலை விட்டான். இந்த முறை வந்தது. கண்ணில் பூச்சி பறந்தது. தண்ணீர்... புளித்த தண்ணீர்... கொழகொழவென்று வரம்புப் புல்லில் விழுந்தது. நாக்கின் அடியில் மட்டும் என்னவோ ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. நகத்தால் பிடித்து இழுத்தான். இழுக்க இழுக்க வந்தது.

டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தார்கள். வெள்ளை. ஈரம். ஒரு கோழித் தூவி.

அன்றைக்கு முழுக்க றினாஸ் தின்றது பாணும் பருப்பும்தான்.

கிட்ட வந்து உட்காருங்கள். யாராவது தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்திருந்தால், கீழே வைத்துவிடுங்கள். இது நம்ம காலிதீன் இருக்கிறானே, அவனுடைய தங்கச்சி மாப்பிள்ளைக்குப் போன மாரிக்குக் கொஞ்சம் முதல் நடந்தது. காலிதீன் சொல்லித்தான் வெளியே தெரியும். றினாஸ் வாய் திறக்க மாட்டான்.

றினாஸின் வேலை, செத்தவர்களைப் பற்றிக் கேட்பது.

சிரிக்காதீர்கள், அப்படி ஒரு வேலை இருக்கிறது. டவுனில் ஒருவர் மவுத்தானால் ஆஸ்பத்திரிக் கடதாசி இருக்கும், இன்ன வருத்தம் என்று எழுதியிருக்கும். வட்டைக்குள்ளே பாயோடு கிடந்து சாகிறவனுக்கு என்ன இருக்கும்? 'நெஞ்சடைப்பாம்' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன சொல் இருக்கும். எந்தப் பக்கத்தில் சனம் எதனால் சாகிறது என்று அளந்து பார்க்க வந்த ஒரு சுகாதார ஆய்வில்தான் றினாஸுக்குத் தொழில். வீட்டுக்குப் போவான். சாகும்போது கூட இருந்தவரை உட்காரவைத்து, காய்ச்சல் இருந்ததா, சத்தி எடுத்தாரா, கால் வீங்கியதா என்று கேட்டுக் கேட்டு, கையிலுள்ள டெப் கணினியில் தட்டுவான். ஒரு வாழ்க்கை கடைசியில் ஒரு எண்ணாகிவிடும்.

அவனோடு சோடியாகப் போகிறவள் கஜேந்தினி. வாய்க்காரி.

"செத்த வீட்டுக்கே சோடி போட்டுப் போறம். ஒரு கலியாண வீட்டுக்குக் கூப்பிட ஆளில்ல" என்பாள்.

ஆனால் கஜேந்தினி இல்லாமல் அந்த வேலை நடக்காது. புருஷன் மவுத்தான வீட்டில் பெண்சாதி இத்தா இருப்பாள். நாலு மாதமும் பத்து நாளும் திரைக்குப் பின்னால். அந்நிய ஆண் முகம் பார்க்க முடியாது. கஜேந்தினிதான் திரைக்கு அந்தப் பக்கம் போய் இருந்து, கையைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். றினாஸ் வெளியே ஆம்புளைகளோடு விறாந்தையில் இருப்பான்.

அன்றைக்குக் கஜேந்தினியின் பிள்ளைக்குக் காய்ச்சல். விடியவே போன் எடுத்தாள்.

"றினாஸ், அந்த மசூர்ட வீட்ட மட்டும் நான் வாறவரைக்கும் தொடாதீங்க. இத்தா வீடு. தனியப் போய் நிண்டீங்களெண்டா ஊரே வந்து உங்கள விசாரிக்கும்."

"ஓம் ஓம்" என்றான். என்றவன் பின்னேரம் அசர் தொழுகை முடிந்த கையோடு மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

ஏன் போனான்?

அவன் மனைவி ஆகிலாவுக்கு நிறைமாதம். அவளுடைய வீடு, அதாவது அவன் மாப்பிள்ளையாகப் போய் இருக்கிற வீடு, அதே வாய்க்கால் கீழே இறங்குகிற பாலத்தடியில். மேலே வாய்க்கால் ஓரத்தில் வரிசையாகச் சனம் செத்துக்கொண்டிருந்தது. ஒரு வீடு விட்டு மறு வீடு. கீழே, கீழே, இன்னும் கீழே. மேலதிகாரி ஹிஷாம் சேரிடம் சொன்னான். அவர் கொட்டாவி விட்டார்.

"கிழடுகள் சாகிற காலம்தானே றினாஸ். முதுமை எண்டு தட்டிட்டு வாங்க."

செத்தவர்களில் ஒரு பொடியன் போன வருசம்தான் கல்யாணம் முடித்தவன். முதுமையாம்! அன்றைக்கு ஹிஷாம் சேரின் மேசையில் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது அவனுக்கு. எது சாகடிக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். அது பாலத்தடிக்கு வந்து சேருவதற்கு முதல்.

அந்த வாய்க்காலைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு காலத்தில் குளித்த வாய்க்கால். இப்போது டவுன் இறைச்சிக் கடைகளின் கோழிக் கழிவை இருட்டோடு இருட்டாக உரப்பையில் கட்டிக்கொண்டு வந்து தள்ளிவிட்டுப் போகிறார்கள். உரப்பை ஊதும். வெடிக்கும். குடலும் காலும் தலையும் மேலே வந்து மிதக்கும். தண்ணீருக்கு மேலே ஒரு ஆடை, கறி ஆறினால் படியுமே, அதைப் போல மஞ்சள் ஆடை. அதன் மேல் புழு நெளியும் சத்தம்... ஓம், சத்தம் கேட்கும். காது கொடுத்தால் சின்ன மழை பெய்வது போல இருக்கும்.

மூக்கில் சட்டையைப் பிடித்துக்கொண்டு அந்த வரம்பால் போனான். மசூரின் வீடு வரம்பிலிருந்து பார்த்தாலே தெரியும். தனி வீடு. படலை திறந்திருந்தது. விறாந்தையில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை. உள்ளே போகும் வாசலில் வெள்ளைத் திரை.

"அஸ்ஸலாமு அலைக்கும். வீட்டுல ஆரும் இரிக்கிங்களா?"

ஒன்றும் இல்லை. ஈ மட்டும் இரைந்தது. திரும்பப் போனவனை ஒரு பெண் குரல் நிறுத்தியது.

"வஅலைக்குமுஸ்ஸலாம்... கதிரையில இரிங்க மகன்."

திரைக்கு அந்தப் பக்கம், தரையோடு தரையாக இருந்து வந்தது குரல். படுத்துக்கொண்டு கதைப்பது போல.

"மாமி, நான் ஆய்வுல இருந்து வாறன். வீட்டுல ஆம்புளைகள் ஆருமில்லையா?"

"ஒருத்தருமில்ல. நீங்க கேளுங்க மகன். இவ்வளவு நாளா ஒருத்தரும் வந்து கேக்கல்ல."

அந்த இடத்திலேயே அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். இத்தா இருக்கிற எந்தப் பெண் தனி வீட்டில் அந்நிய ஆணை உட்காரச் சொல்லுவாள்? உறைக்கவில்லை. ஆகிலாவின் வயிறுதான் கண்ணுக்குள் நின்றது. டெப்பை எடுத்தான்.

"காய்ச்சல் இருந்ததா மாமி?"

"இல்ல."

"சத்தி?"

"கடைசியில. கறுப்பா. அதுக்குள்ள பஞ்சு பஞ்சா என்னவோ."

"தோல்ல ஏதும் மாத்தம்?"

"கோழிய அறுத்து சுடுதண்ணியில முக்கினா, தொட்ட உடன கழருமே... அப்பிடி. பாயில ஒட்டிக்கிட்டு வந்த. எழுப்பக்குள்ள முதுகுல பாதி பாயில கிடந்த."

றினாஸின் விரல் டெப்பில் நின்றது. எத்தனையோ சாவைக் கேட்டவன். இப்படிக் கேட்டதில்லை.

"கடைசி நேரத்தில பக்கத்துல ஆர் இருந்த?"

"ஒருத்தருமில்ல. வந்தவங்கெல்லாம் மணம் பொறுக்க ஏலாம மூக்கப் பொத்திக்கிட்டு வாசலுக்கு வெளியில நிண்ட."

"நீங்க?"

"நான் உள்ளுக்குத்தான் கிடந்த மகன்."

அடுத்தது முக்கியமான கேள்வி. அவன் வந்ததே அதற்குத்தான்.

"முதல் முதல்ல என்ன அடையாளம் தெரிஞ்ச மாமி?"

அவள் சொன்னாள். சின்னப் பதில். டெப்பில் பார்த்தான். காய்ச்சல், இருமல், சத்தி, வீக்கம், மூச்சுத் திணறல்... அவள் சொன்னது அதில் எதிலும் அடங்கவில்லை. அது நோயே இல்லை. கவலையில் எதையோ கதைக்கிறா என்று நினைத்து, 'வேறு' என்பதைத் தட்டிவிட்டான். அவள் சொன்னது என்னவென்று இப்போது வேண்டாம். வரும்.

இப்போது குரல் அவனிடம் கேட்டது.

"உங்கட வீடு எங்க மகன்?"

"இதே வாய்க்கால்தான் மாமி. பாலத்தடி."

"கிணறு இரிக்கா?"

"இரிக்கி. உவர். வாயில வைக்க ஏலா. குடிக்கப் பவுசர் லொறியில வாற தண்ணிதான்."

திரைக்குப் பின்னால் ஒரு நீண்ட மூச்சு.

"உவரா... அல்ஹம்துலில்லாஹ். நல்லம் மகன். நல்லம்."

திரையின் அடியால் ஒரு கண்ணாடிக் கிளாஸ் நகர்ந்து வந்தது. தள்ளியது ஒரு கை. மணிக்கட்டு வரைதான் தெரிந்தது. விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன, நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறினவை போல. கர்ப்பூர மணம் வந்தது. அதன் அடியில் வேறொரு மணம், வாய்க்கால் மணம். அப்போதுதான் திரையையும் கவனித்தான். ஓரம் தைக்காத புதுத் துணி.

வந்த வீட்டில் தந்த தண்ணீரைத் தட்ட முடியுமா? மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தான். இனித்தது. சீனி போட்டிருக்கிறா என்று நினைத்தான். ஸலாம் சொல்லிவிட்டு வரம்பில் ஏறினபோது மஃரிப் பாங்கு தொடங்கியது.

வரம்பில் நல்லரெத்தினம் நின்றார். முகம் சரியில்லை.

"தம்பி, அந்த விறாந்தையில தனிய இருந்து ஆரோட கதைச்சாய்?"

"மசூர் காக்காட பெண்சாதியோட அண்ணன். இத்தாவில இரிக்கிறா, பாவம்."

"நாச்சியாவோட?"

"பேர் தெரியா. லிஸ்ட்ல மசூர் காக்காட மவுத்து மட்டும்தான் இரிக்கி."

நல்லரெத்தினம் இடுப்பில் கட்டியிருந்த சாவியை எடுத்துக் காட்டினார்.

"அந்த வீட்டுச் சாவி, தம்பி. மசூர்ட தம்பி பூட்டி என்னட்டத் தந்துட்டுப் போய்க் கன நாள். நாச்சியாதான் முதல் போனவ. அவட சாவப் பதியப் போக வேண்டிய மனிசன் மசூர்... அவனும் அடுத்த கிழமையே படுத்திட்டான். பிள்ள குட்டி இல்ல. டவுன்ல இருந்து அவன்ட தம்பி மூக்கப் பொத்திக்கிட்டு வந்தான். காணி எழுத வேணுமெண்டு தமையன்ட சாவ மட்டும் பதிஞ்சிட்டுப் போனான். அவள ஆர் கணக்கெடுத்த?"

டோர்ச்சை வீட்டுப் பக்கம் திருப்பினார்.

வாசலில் திரை இல்லை. பலகைக் கதவு. அதில் துருப்பிடித்த பூட்டு. கதவடியில் மட்டும் ஒரு கண்ணாடிக் கிளாஸ் நின்றது. சுவரெல்லாம் பச்சைப் பாசி தடித்து, அடியில் புழு நெளிகிற கிளாஸ். விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் பாசி துடைபட்டிருந்தது. ஒரு வாய் வைத்த அளவுக்கு.

அதற்குப் பிறகுதான் மோட்டார் சைக்கிள் சரிந்தது. விரல் தொண்டைக்குள் போனது. தூவி வந்தது.

எப்படி வீடு வந்து சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. விறாந்தையில் காலிதீன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன மச்சான், இண்டைக்கு மையத்து எழும்பிக் கதைச்சிட்டா?" என்று சிரித்தான்.

றினாஸ் அவனைப் பார்க்கவே இல்லை. ஆகிலாவைப் பார்த்தான். வயிற்றைத் தாங்கிக்கொண்டு, கதவு நிலையில் சாய்ந்து, நல்லபடியாக நின்றாள். அவனுக்கு மூச்சு வந்தது. நல்லம். இங்கே கிணறு உவர். குடிப்பது பவுசர் தண்ணீர். இங்கே ஒன்றும் வராது.

"ஆகிலா, பவுசர்த் தண்ணி போதுமானளவு இரிக்கிதானே?"

"பவுசர் வந்து ரெண்டு நாளாச்சி. ஒரு சொட்டும் இல்ல" என்றாள் அவள். பிறகு சின்னப்பிள்ளை போலச் சிரித்தாள். கையில் கிளாஸ். "பயப்படாதீங்க. இஞ்சேருங்க, இதக் குடிச்சிப் பாருங்களன்."

"என்ன இது?"

"நம்மட கிணறுதான். விடிய இருந்து இதுலதான் தேத்தண்ணி, சோறு எல்லாம். உம்மா சென்னா, வயித்துப் புள்ளட பறக்கத்தாம், அல்லாஹ்ட அருளாம்."

அவன் வாங்கவில்லை. அவளே ஒரு மிடறு குடித்து, நாக்கைச் சப்புக்கொட்டினாள்.

"எவ்வளவு இனிப்புத் தெரியுமா!"

திரைக்குப் பின்னால் தரையோடு கிடந்த குரல் அவன் காதுக்குள் திரும்ப வந்தது. டெப்பில் அடங்காத அந்தப் பதில், எழுத்துத் தப்பாமல்.

முதல் முதல்ல என்ன அடையாளம் தெரிஞ்ச மாமி?

"உவர்க் கிணறு இனிச்சிச்சி மகன்."